துரையும் துபாஷியும்: ஆனந்தரங்கம் பிள்ளையின் சரித்திரம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்தால் இடப்புறத்தில் செம்பரம்பாக்கத்து ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கிறது. அதற்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும், தென்மேற்கே ஒரகடமும் இன்று தொழிற்சாலைகளால் நிறைந்திருக்கின்றன. கொரியா தேசத்து ஹூண்டாய் கம்பெனியார் 1996-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் அஸ்திவாரமிட்டு 1998-இல் மோட்டார் கார்களை வெளியிடலானார்கள். பிரான்சு தேசத்து ரெனோ கம்பெனியும் ஜப்பானிய நிஸான் கம்பெனியும் சேர்ந்து 2010-இல் ஒரகடத்தில் ஆலை திறந்தன. ஜெர்மானியரும் பிறரும் அவ்வாறே வந்து சேர்ந்தனர். நம் நாட்டு முதலாளிகளும் அவர்களுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்துப் பெருகி வருகின்றனர்.

இந்தத் தொழிற்சாலைகளின் தலைவர்களுள் பலர் நம் பாஷையை அறியாதவர். நம் கிராமங்களை அறியாதவர். நம்மவர் வாய் திறவாமல் இருக்கும்போது அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்பதையும் அறியாதவர். நம்மவராகிய முதலாளிகளிலும், செல்வம் பெருகப் பெருகத் தம் ஆலை வாசலில் நடப்பதைத் தாமே காணும் வாய்ப்பை இழந்தவர் பலர். இவர்கள் எல்லோரும் பிறர் கண்ணால் காண்கிறார்கள். பிறர் காதால் கேட்கிறார்கள். அந்தப் பிறர் யார், எவ்வாறு பொறுக்கப்பட்டவர் என்பதைப் பொறுத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு நிற்கிறது. ஆகையால் இது முதலாளிகளின் வீட்டு விஷயம் என்று தேசத் தொண்டர்கள் ஒதுக்கிவிடலாகாது.

இவ்விஷயத்தைப் பற்றிப் பொதுவாக உபதேசம் செய்வதினும், ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொல்வது நலம் என்று நாம் கருதுகிறோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் பெரிய துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் பெயரை அறியாத தமிழர் சிலரே. அவரைத் தினசரிக் குறிப்பு எழுதியவர் என்று மட்டுமே நம்மவர் புகழ்கின்றனர். தொழில் தலைவன் ஒருவன் தனக்கு அந்தரங்கமான யோசனைக்காரனை எவ்வாறு தேர்ந்தான், தேர்ந்தபின் அவனை எவ்வாறு வைத்துக்கொண்டான், அதனால் என்ன விளைந்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கையைப் போன்ற திருஷ்டாந்தம் நம் நாட்டுச் சரித்திரத்தில் வேறு கிடைப்பது அரிது.

ஆனந்தரங்கம் பிள்ளை 1709-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. தாயாதி வழி அன்று, பெண் வழி உறவினராகிய நைனியப் பிள்ளை என்பவர் அக்காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷியாக இருந்து பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தார். அவருடைய தூண்டுதலால் திருவேங்கடம் பிள்ளையும் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார்.

நைனியப் பிள்ளைக்கு நேர்ந்த கதியை முதலில் சொல்ல வேண்டும். ஆனந்தரங்கரின் இளமைக் காலத்தில் அவர் குடும்பம் கற்ற முதற்பாடம் அதுவே. கம்பெனியின் பெரிய உத்தியோகத்தில் கிறிஸ்தவரல்லாதார் இருக்கலாகாது என்று பாதிரிமார்கள் வெகுநாளாக வற்புறுத்தி வந்தனர். ஏபேர் என்னும் கவர்னர் 1716-இல் நைனியப் பிள்ளையைச் சிறைபிடித்து, விசாரணை என்ற பெயரால் ஒன்று நடத்தி, கசையடியும் பெருந்தொகை அபராதமும் மூன்று வருஷச் சிறையும் விதித்தார். நைனியப் பிள்ளை மறு வருஷமே சிறையில் மாண்டார். அவருடைய மகன் குருவப் பிள்ளை சென்னைக்குத் தப்பி, அங்கிருந்து கப்பலேறி, இங்கிலாந்து வழியாகப் பிரான்சுக்கே சென்று ராஜப் பிரதிநிதியிடம் முறையிட்டார். அநியாயம் வெளிப்பட்டது. ஏபேர் பதவி இழந்தார். குருவப் பிள்ளை அங்கே கிறிஸ்து மதத்தைத் தழுவி, செவாலியே பட்டம் பெற்றுத் திரும்பித் தகப்பனாருடைய உத்தியோகத்தை வகித்தார்.

இதில் தொழில் தலைவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துபாஷி சிறைப்பட்டதும் திருவேங்கடம் பிள்ளை முதலான வியாபாரிகள் சென்னையை நாடலாயினர். கம்பெனிக்குச் சரக்குப் பிடித்துத் தரும் கைகள் இல்லாமற் போயின. பின்வந்த கவர்னர் வருந்தி அழைத்தபிறகே திருவேங்கடம் பிள்ளை போன்றவர்கள் திரும்பி வந்தனர். தலைவன் ஒருவன் தன் யோசனைக்காரனை அநியாயமாக அழித்தால், அழிவது அந்த ஒருவன் மட்டுமல்ல. அவனை நம்பித் தலைவனை நம்பிய அத்தனை பேருடைய நம்பிக்கையும் அழிகிறது. ஊரில் வந்து சேர்ந்து பத்து வருஷம் ஆகாத ஒரு கம்பெனிக்கும் இந்த விதி பொருந்தும்.

துபாஷி என்றால் இரண்டு பாஷை பேசுகிறவன் என்பது சொல்லின் பொருள். ஆனால் வேலை மொழிபெயர்ப்பு மட்டுமன்று. ஐரோப்பாவிலிருந்து கப்பல் வெள்ளி கொண்டுவரும். திரும்பிப் போகும்போது அது நிறையத் துணி ஏற்றியாக வேண்டும். அந்தத் துணி நெய்யப்பட்டுச் சாயமேற வேண்டுமானால், பல மாதங்களுக்கு முன்பே நெசவாளருக்கும் வியாபாரிகளுக்கும் முன்பணம் கொடுத்திருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எவன் வாக்குத் தவறாதவன், எந்த ஊரில் பருத்தி பொய்த்தது, எந்தப் பாளையக்காரன் வழியில் சுங்கம் கேட்கிறான் என்பவற்றைத் துரைக்குச் சொல்வது துபாஷியின் பொறுப்பு. மாதிரிக்கு ஒவ்வாத துணி வந்தால் தள்ளுவதும், தள்ளப்பட்டவனைச் சமாதானம் செய்வதும் அவர் பொறுப்பே. கம்பெனிக்கும் நாட்டு ராஜாக்களுக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்தும் அவர் கையில். ஒரு சொல் மாற்றிச் சொன்னால் கப்பல் பாதி வெறுமையாகத் திரும்பும். இரண்டு சொல் மாற்றிச் சொன்னால் சண்டை மூளும். இவ்வளவு பாரமான உத்தியோகத்துக்கு ஆளைத் தேர்வது விளையாட்டன்று.

திருவேங்கடம் பிள்ளை 1726-இல் காலமானபோது ஆனந்தரங்கருக்கு வயது பதினேழு. அப்பொழுது கவர்னராயிருந்த லெனுவார் துரை அவரிடம் உடனே பெரிய பதவி எதையும் ஒப்படைத்துவிடவில்லை. பரங்கிப்பேட்டையில் கம்பெனிக்கிருந்த சாயத்துணித் தொழிலை மேற்பார்க்கும் வேலையைக் கொடுத்துப் பார்த்தார். இளைஞர் அதை நன்கு நடத்தினார். அதனோடு நில்லாமல், ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தம் சொந்தச் செலவில் வியாபாரத் தலங்கள் ஏற்படுத்தி, ஐரோப்பியச் சரக்கை உள்நாட்டில் விற்று, உள்நாட்டுச் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொணர்ந்தார். பிற்காலத்தில் ஆனந்தப்புரவி என்ற பெயரால் சொந்தமாகக் கப்பலும் ஓட்டினார். சிறு காரியத்தில் நிறுத்திப் பார்த்துப் பெரிய காரியத்துக்கு உயர்த்துவது என்ற முறையை லெனுவார் அறிந்திருந்தார். தெரிந்து தெளிதலைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருப்பதை நம் நேயர்கள் அறிவார்கள். தேறாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் ஒன்றுபோல் கேடு என்பது அதன் சாரம். அதன் முற்பாதியை லெனுவார் பின்பற்றினார். பிற்பாதியை மறந்தவர் ஒருவரை இனிக் காண்போம்.

டூப்ளே துரை 1742 ஜனவரியில் புதுச்சேரிக்குக் கவர்னராக வந்தார். வங்காளத்தில் சந்திரநாகூரை வளப்படுத்திப் புகழடைந்தவர். தளரா ஊக்கமும் விரிந்த கற்பனையும் படைத்தவர். கம்பெனியின் காரியத்தோடு சொந்த வியாபாரமும் நடத்தினார். அக்காலத்து வழக்கம் அது. பெரிய துபாஷியாக அப்போது இருந்தவர் கனகராய முதலியார் என்னும் கிறிஸ்தவர். அவர் 1746 பிப்ரவரியில் இறந்தார். அடுத்தவர் யார் என்ற கேள்வி புதுச்சேரியையே கலக்கிற்று.

இறந்தவருடைய குடும்பத்தார் ஒருபுறம் உரிமை பேசினர். பாதிரிமார்கள் மறுபுறம், கிறிஸ்தவரே வேண்டும் என்று பழைய வழக்கை மீண்டும் எடுத்தனர். கவர்னரின் மனைவி மதாம் டூப்ளே தமக்கு இஷ்டமான வேறொருவரை முன்னிறுத்தினார். இந்த அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்கு பேசுவார். அரண்மனையில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. இந்த உபத்திரவங்களுக்கு நடுவே டூப்ளே அவசரப்படவில்லை. பெயரளவில் பதவியை யாருக்கும் கொடாமல், வேலையை ஆனந்தரங்கரிடமிருந்தே வாங்கினார். 1747-இல் தான் அவரை ஸ்திரமாக நியமித்தார்.

அந்தத் தேர்வின் நியாயத்தை நாம் சிறிது ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஆனந்தரங்கர் கவர்னருடைய மதத்தவரல்லர், உறவினரல்லர், மனைவியின் சிபார்சு பெற்றவருமல்லர். அவரிடம் இருந்தவை மூன்று. முதலாவது, சொந்தக் காலில் நிற்கும் செல்வமும் மதிப்பும். உத்தியோகம் போனால் பட்டினி கிடக்க நேரும் என்ற பயம் அவருக்கில்லை. அந்தப் பயமுள்ளவன் தலைவனுக்குப் பிடித்ததைத்தான் சொல்வான். இரண்டாவது, அவர் சொன்னது சரியா என்பதை இருபது வருஷக் கணக்கைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவது, ஊரார் அவரை நம்பினர். வியாபாரிகள் அவர் வாக்கைத் துரையின் வாக்காக ஏற்றனர். துரையின் தயவு ஒன்றையே முதலாக வைத்திருப்பவனால் துரைக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து சேர்க்க இயலாது. இம்மூன்றையும் கண்டு, வீட்டார் சொல்லையும் பாதிரியார் சொல்லையும் மீறித் தேர்ந்த டூப்ளேயின் மதிநுட்பத்தை நாம் தயங்காமல் புகழலாம்.

அந்த மதிநுட்பத்தின் பயனும் உடனே தெரிந்தது. 1746 செப்டம்பரில் லாபூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை சென்னையைக் கைப்பற்றிற்று. நகரம் தமக்கே உரியதென்று எண்ணிய ஆர்க்காட்டு நவாபு தம் மகன் மாபூஸ்கானைப் பெரும் சேனையோடு அனுப்பினார். செம்பரம்பாக்கத்து ஏரியின் உபரி நீரைக் கொண்டுபோகும் அதே அடையாறு கடலில் கலக்குமிடத்தில், அவ்வருஷம் அக்டோபர் மாதம், சில நூறு பிரெஞ்சுச் சிப்பாய்களும் நம் நாட்டுச் சிப்பாய்களும் பதினாயிரம் பேர் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தச் சேனையை முறியடித்தனர். தென்னாட்டு அரசியலின் போக்கு அன்று திரும்பிற்று. அந்த மாதங்களில் நவாபுக்கு எழுதிய கடிதங்களும், வந்த தூதர்களுக்குச் சொன்ன விடைகளும், பணம் இல்லாத வேளையில் கடன் திரட்டியதும் எல்லாம் ஆனந்தரங்கர் வழியாகவே நடந்தன. துரையும் அவரும் நாள்தோறும் மணிக்கணக்காகப் பேசினர்.

1749-இல் நிஜாம் வம்சத்து முஸபர் ஜங், டூப்ளேயின் உதவியை நாடியபோது, ஆனந்தரங்கருக்கு மூவாயிரம் குதிரை மன்சப்தார் பதவியும் விருதுகளும் கொடுத்தார். செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் அதனைச் சார்ந்த ஜாகீரும் அவருக்கு அளிக்கப்பட்டன. கவர்னர் மாளிகைக்குள் வாத்திய முழக்கத்தோடு பல்லக்கில் நுழையும் உரிமை அவருக்கு இருந்தது. புலவர்கள் அவர்மேல் பாடினர்; 1752-இல் வடமொழியில் சீநிவாச கவி அவர் பெயரால் ஒரு சம்பூ காவியமே இயற்றினார். துரைக்கு யோசனை சொல்பவருக்கும் துதிபாடகர் ஏற்பட்டனர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

வெளித்தோற்றத்தில் உச்சம் இதுவே. உள்ளே அரிப்பு முன்பே தொடங்கியிருந்தது. மதாம் டூப்ளே தமக்கென்று தனி ஒற்றர்களையும் தனிக் கடிதப் போக்குவரத்தையும் வைத்துக்கொண்டார். நாட்டு ராஜாக்கள் அவரை ஜான் பேகம் என்று அழைத்து அவர் வழியாகவும் துரையை அணுகினர். ஒரே விஷயத்தைப் பற்றித் துரைக்குப் பகலில் துபாஷி ஒன்று சொல்வார். இரவில் மனைவி வேறொன்று சொல்வார். முன்னவர் சொன்னதற்குக் கணக்கு உண்டு, பொறுப்பு உண்டு, தவறினால் கேட்பார் உண்டு. பின்னவர் சொன்னதற்கு இவை ஒன்றும் இல்லை. பொறுப்பில்லாத யோசனை பொறுப்புள்ள யோசனையை மெல்ல மெல்ல வெளியே தள்ளிற்று.

1748 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, பாதிரியார் கோயிலுக்கு அருகே இருந்த வேதபுரீசுவரர் ஆலயம் இடித்துத் தள்ளப்பட்டது. அந்த ஆலயத்தை அகற்றப் பல வருஷங்களாக முயன்றவர்களுக்கு முற்றுகை ஒரு சமயமாக வாய்த்தது. மதாமின் கை அதில் இருந்தது. நகரத்தாரின் மனம் எவ்வளவு புண்படும் என்பதைத் துரைக்கு உணர்த்தவேண்டிய மனிதர் பக்கத்திலேயே இருந்தார். ஆனால் அந்த வேளையில் அவருடைய சொல் எடுபடவில்லை. அவரும் துரையை எதிர்த்து நிற்கவில்லை. அன்றைய துக்கத்தைத் தம் தினசரியில் எழுதிவைத்தார்.

இந்தத் தினசரியைப் பற்றி இப்போது பேசுவோம். 1736 செப்டம்பர் முதல் 1761 ஜனவரி வரையில் இருபத்துநான்கு வருஷங்களுக்கு மேலாக, பேச்சு வழக்கை ஒட்டிய தமிழில், துணிவிலையும் கப்பல் வரவும் அரண்மனைப் பேச்சும் ஊர்ச் சச்சரவும் அவர் எழுதிவந்தார். 1846-இல் கல்வா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. சரித்திர ஆசிரியர்களுக்கு அது பெரும் புதையல். தொழில் தலைவர்களுக்கோ அது ஒரு குற்றப் பத்திரிகை. ஏனெனில், துரையின் முகத்துக்கு நேரே ஆனந்தரங்கர் பெரும்பாலும் புகழ்மொழியே பேசியிருக்கிறார்; மதாமின் தலையீட்டைப் பற்றியும், இலஞ்சத்தைப் பற்றியும், குடிகள் படும் பாட்டைப் பற்றியும் அவர் உண்மையில் நினைத்தவை வீட்டில் ஏட்டிலேயே இறங்கியிருக்கின்றன. டூப்ளேக்குச் சொல்லப்படாத யோசனைகளின் களஞ்சியம் அந்தத் தினசரி. நல்ல ஆளைத் தேர்ந்த தலைவர், அந்த ஆள் உண்மையைச் சொல்லக்கூடிய நிலையை மட்டும் காப்பாற்றவில்லை. ஆளை விலக்கினால்தான் யோசனையை இழப்போம் என்பதில்லை. ஆள் தினந்தோறும் வந்து வணங்கிக்கொண்டிருக்கும்போதே யோசனையை இழந்துவிடலாம்.

இதில் குற்றம் முழுவதையும் துரையின்மேல் சுமத்துவதும் நியாயமன்று. துபாஷி உத்தியோகத்தில் தரகு உண்டு. காரியம் முடித்துக்கொள்ள வருகிறவர்கள் தரும் நஜர் உண்டு. சொந்த வியாபார லாபம் உண்டு. ஆனந்தரங்கர் இவற்றைப் பெற்றார். அக்காலத்து நெறிப்படி அது இழுக்கன்று. ஆனால் வக்கீல் தொழில் பயின்றவர் என்ற முறையில் நாம் ஒன்று சொல்வோம். ஒரு வழக்கில் இரு கட்சியாரிடமும் பீஸ் வாங்கியவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் அவனுடைய யோசனையை நியாயஸ்தலம் சந்தேகிக்கும். துரையே சொந்த வியாபாரத்தில் ஈடுபட்டு, நவாபுகளிடம் வெகுமதியும் ஜாகீரும் பெற்றிருக்கையில், துபாஷி மட்டும் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? பற்றற்ற யோசனையைப் பெற விரும்பும் தலைவன், முதலில் தன் பற்றுகளைக் கணக்கில் காட்ட வேண்டும்.

கெட்ட செய்தி மேலே ஏறாத அரண்மனையில் முடிவு விரைவாக வந்தது. டூப்ளே சந்தா சாகிபைக் கர்நாடகத்து நவாபாக்க முயன்று திருச்சிராப்பள்ளியில் மாட்டிக்கொண்டார். 1752-இல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுச் சேனை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். கைப்பற்றிய சீமைகளின் வரிவசூல் மதாமின் தயவைப் பெற்றிருந்த பாப்பய்யப் பிள்ளை கைக்குப் போயிற்று. ஆனந்தரங்கர் பெயருக்குப் பெரிய துபாஷியாகவும் காரியத்துக்கு ஒதுக்கப்பட்டவராகவும் ஆனார். பாரிஸிலிருந்த கம்பெனியின் முதலாளிகளுக்கு வேண்டியது லாபம். அவர்களுக்குக் கிடைத்தது யுத்தச் செலவு. 1754-இல் கொதே என்பவரை அனுப்பி டூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். பாப்பய்யப் பிள்ளை சிறைப்பட்டார். கம்பெனிக்காகத் தாம் செலவிட்ட சொந்தப் பணத்தைக் கேட்டு வழக்காடியபடியே டூப்ளே 1763-இல் வறுமையில் இறந்தார்.

பின்வந்த கவர்னர் லெரி, 1756-இல் ஆனந்தரங்கரை உத்தியோகத்திலிருந்து விலக்கினார். உடல்நலமும் குன்றிற்று. 1758-இல் லாலி என்னும் தளகர்த்தர் பிரான்சிலிருந்து வந்திறங்கினார். வீரர், நாணயமானவர், ஆனால் இந்நாட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவர், அறிந்தவர்களை இகழ்பவர். சுமைக்காரர் போதாமற்போனபோது, யார் எவர் என்று பாராமல் புதுச்சேரிவாசிகளைப் பிடித்து வண்டி இழுக்கவும் சுமை தூக்கவும் கட்டாயப்படுத்தினார். மனிதர் சமம் என்ற கொள்கையால் அவர் அதைச் செய்யவில்லை. எல்லோரையும் ஒன்றுபோல் அவமதித்ததால் செய்தார். நகரம் அவரை வெறுத்தது. டூப்ளேயிடம் யோசனைக்காரர் இருந்தும் பயன்படவில்லை. லாலியோ யோசனைக்காரரே வேண்டாம் என்றிருந்தார். ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்துக்கொண்டனர்; நகரம் பட்டினியால் வாடிற்று. 1761 ஜனவரி 12-ந் தேதி ஆனந்தரங்கம் பிள்ளை கண்மூடினார். நான்காம் நாள் ஆங்கிலேயர் நகருக்குள் புகுந்து, பின்னர் அதனைத் தரைமட்டமாக்கினர். லாலி 1766-இல் பாரிஸில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அந்நியருக்கு உழைத்த ஒருவரை ஏன் பாராட்ட வேண்டும் என்று நம் தொண்டர்களுள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆனந்தரங்கர் காலத்தில் தேசம் என்ற எண்ணம் இன்றுள்ள உருவில் பிறக்கவில்லை என்பது ஒரு சமாதானம். ஆனால் அதுமட்டும் போதாது. பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் துபாஷிகளும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆயினும், தம் ஊராருக்கும் அந்நியத் துரைக்கும் நடுவே நின்றவர் எழுதிவைத்த சாட்சியம் இல்லாவிட்டால், அந்த ஆட்சி உள்ளே எப்படி நடந்தது என்பது நமக்குத் துரைமார் சொன்ன அளவுக்கே தெரிந்திருக்கும். நாம் அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம், துரோகியாக்கவும் வேண்டாம். அவர் தவறிய இடம் எது என்பதைத் தெரிந்துகொள்வோம்: ஏட்டில் எழுதிய உண்மையை எழுந்து நின்று சொல்லவேண்டிய நாளில் அவர் சொல்லவில்லை.

இன்று ஆட்சி நம்முடையது, சட்டம் நம்முடையது. அந்நிய முதலாளி இங்கே கோட்டை கட்டி ஆள வரவில்லை. சட்டத்துக்கு உட்பட்டுத் தொழில் நடத்த வருகிறார். ஆனால் துபாஷி உத்தியோகம் போய்விடவில்லை. அதற்குப் புதுப் பெயர்கள் வந்திருக்கின்றன. நிலம் வாங்கித் தருபவர், ஆள் சேர்த்துத் தரும் ஒப்பந்தக்காரர், சர்க்கார் காரியாலயங்களுக்கு நடப்பவர், தொழிலாளர் விஷயத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்பவர், தலைவர் அறைக்குள் கேளாமல் நுழையக்கூடியவர் என்று பலர். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் சங்கம் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பது அதன் முக்கிய கோரிக்கை. அதன் நியாயாநியாயங்களுக்குள் நாம் இங்கே புகவில்லை. ஆனால் எந்த ஆலையிலும் ஆயிரம் பேர் ஒரே நாளில் வேலையை விட்டு வெளியே வருவதற்கு முன், பல மாதங்கள் ஆயிரம் பேர் உள்ளே முணுமுணுத்திருப்பார்கள். அந்த முணுமுணுப்பு மாடியிலிருக்கும் தலைவனுக்கு உள்ளபடி எட்டுவதற்கு வழி இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே இப்பிரதேசத்துத் தொழில் தலைவர்களுக்கு, அந்நியராயினும் நம்மவராயினும், நாம் சொல்லக்கூடியது இதுதான். உறவையும் ஜாதியையும் மதத்தையும் கட்சிச் சிபார்சையும் பார்த்து அந்தரங்க யோசனைக்காரரைத் தேராதீர்கள். டூப்ளே அவற்றை மீறித் தேர்ந்ததால் வென்றார். உம்மை விட்டாலும் பிழைக்கக்கூடியவரைத் தேருங்கள். லெனுவாரைப் போலச் சிறு பொறுப்பில் வைத்துப் பாருங்கள். யோசனை சொல்பவருக்கு அந்தக் காரியத்தில் என்ன லாபம் என்பதை முதலிலேயே வாய்விட்டுக் கேளுங்கள். உமது லாபத்தையும் ஒளிக்காதீர்கள். ஒருவரை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தபின், பின்வாசல் வழியாக வரும் சொல்லைக் கொண்டு அவரை அறுக்காதீர்கள். அவர்மேல் ஐயம் வந்தால் நேரே அழைத்து விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்ட செய்தி கொண்டுவந்தவர் அடுத்த நாளும் அதே மரியாதையோடு உமது அறைக்குள் நுழைவதை ஊழியர் அனைவரும் பார்க்கட்டும். அதைப் பார்த்தால்தான் இரண்டாம் மனிதர் வாய் திறப்பார்.

நம் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. துபாஷி வேலைக்கு அமர்ந்திருக்கும் நம் இளைஞர்கள் இன்று படித்தவர்கள். சட்டத்தின் பாதுகாப்பு உள்ளவர்கள். நைனியப் பிள்ளைக்கு விழுந்த கசையடி அவர்களுக்கு விழாது. ஆகையால் ஆனந்தரங்கருக்கு நாம் காட்டும் பொறுமையை அவர்கள் நம்மிடம் எதிர்பார்க்க முடியாது. தலைவருக்குத் தமிழைப் பெயர்த்துச் சொல்லும்போது தமிழரின் மனத்தையும் பெயர்த்துச் சொல்வது அவர்கள் கடமை.

செம்பரம்பாக்கத்து ஏரியில் நீர்மட்டத்தைக் காட்ட அளவுகோல் இருக்கிறது. முழு ஆழம் இருபத்துநான்கு அடி. அந்த அளவுகோல் யாருக்கும் இச்சகம் பேசுவதில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி இரவில் அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றில் வந்தபோது, நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எப்போது யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது எவ்வளவு உயிர்நிலையான விஷயம் என்பதைச் சென்னை நகரம் கண்டுகொண்டது. ஒவ்வொரு தொழில் தலைவனுக்கும் பக்கத்தில் அத்தகைய அளவுகோல் ஒன்று வேண்டும். அதை நாட்டினால் மட்டும் போதாது. மழை கொட்டும் இரவில் போய்ப் பார்க்கவும் வேண்டும். பார்த்ததை நம்பவும் வேண்டும்.